பிரான்ஸ்ல கோங்க் கான்டன் எங்க போச்சு?

வழிப்போக்கன்:
மக்களே ஒரு டவுட். பிரான்ஸ்ல லெ புய்ங்கிற ஊர்ல இருந்து ஸ்பெயின்ல இருக்கிற சந்தியாகோ போற பாதயாத்திரை ரூட்ல கொஞ்ச தூரமாவது நடக்கணும்னு பிளான், அதுக்காக அவெரோன் மாவட்டத்த பத்தி படிச்சிட்டு இருக்கேன். பழைய மேப்ல கோங்க் கான்டன்னு ஒன்னு, அதுக்குள்ள கோங்க், கிரான்-வாப்ர், நொவாயாக், சேன்-சிப்ரியன், சேன்-ஃபெலிக்ஸ், செனெர்க்னு ஆறு ஊர். புது லிஸ்ட்ல கான்டனே இல்ல, நாலு ஊர் பேரும் காணோம், பதிலுக்கு கோங்க்-ஆன்-ரூவெர்க்னு ஏதோ இருக்கு. ஊரையே கலைச்சுட்டாங்களா? கான்டன்னா நம்ம தாலுகா மாதிரியா?

ரொதேஸ்வாசி:
நடந்தது ரெண்டு தனித்தனி விஷயம், அடுத்தடுத்து வந்ததால குழம்புது.

தாலுகான்னு நினைக்காதீங்க, கான்டனுக்குன்னு தாசில்தார் மாதிரி யாரும் கிடையாது. 1790ல புரட்சி சமயத்துல பிரிச்சது, பிற்பாடு முக்கியமா மாவட்ட கவுன்சிலுக்கு ஒரு ஆள அனுப்புற தொகுதியா ஆயிடுச்சு. 2013ல சட்டத்த மாத்தி, இனிமே தொகுதிக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாத்தான் நிக்கணும்னு சொல்லிட்டாங்க, அப்போ தொகுதிய பாதியாக்கணும்ல, நாடு பூரா நாலாயிரம் சொச்சம் இருந்தது ரெண்டாயிரம் சொச்சமாச்சு, அவெரோன்ல 46 இருந்தது 23. ஜனத்தொகையும் ஓரளவு சமமா இருக்கணும்னதால அடி வாங்குனது கோங்க் மாதிரி ஆள் கம்மியான மலைப்பக்கம்தான். 2015 மார்ச் எலெக்‌ஷனோட கோங்க் கான்டன் கதை முடிஞ்சுது.

ஊர் சேர்ந்தது வேற. 2016 ஜனவரி 1ல கோங்க், கிரான்-வாப்ர், நொவாயாக், சேன்-சிப்ரியன் நாலும் ஒரே கொம்யூனா, அதாவது ஒரே ஊராட்சியா ஆயிடுச்சு, அதான் நீங்க பாத்த கோங்க்-ஆன்-ரூவெர்க். செனெர்க்கும் சேன்-ஃபெலிக்ஸும் சேரல, இன்னும் தனியாத்தான் இருக்கு.

காரைக்கால்பையன்:
கொம்யூன்னா எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் 😄 நெடுங்காடு, கோட்டுச்சேரி எல்லாம் இன்னைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துதான், பிரெஞ்சுக்காரன் காலத்து மிச்சம். ஆனா அங்க முந்நூறு பேர் இருக்கிற ஊருக்கும் ஒரு மேயர், ஒரு கவுன்சில், இப்பவும் நாடு முழுக்க கிட்டத்தட்ட 35,000 கொம்யூன் இருக்கு, சின்ன ஊர் தனியா எப்படி ரோடு போடும் பள்ளிக்கூடம் நடத்தும், அதான் சேருங்கன்னு அரசாங்கம் மானியத்துல சலுகை காட்டி இழுத்துச்சு.

மலைச்சாரல்:
@ரொதேஸ்வாசி வெறும் தொகுதின்னு சொல்றது பாதிதான் சரி ப்ரோ. கிராமத்துப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன், வரி ஆபீஸ், நடுநிலைப்பள்ளி எதுவா இருந்தாலும் பெரும்பாலும் கான்டன் தலைமை ஊர்லதான் கொண்டாந்து வைப்பாங்க. அந்த அந்தஸ்து போனா அடுத்து ஆபீசும் போயிடும்னு ஜனங்க பயந்ததுல என்ன தப்பு? தவிர முன்னாடி ஆறு ஊருக்குன்னு ஒரு கவுன்சிலர் இருந்தாரு, நேரா போய் கேக்கலாம். இப்ப பெரிய தொகுதில ரெண்டு பேர், அவங்களுக்கு ஓட்டு எங்க அதிகமோ அங்கதானே கண்ணு போகும்.

வழிப்போக்கன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ நொவாயாக்னு வழி கேட்டா யாருக்கும் தெரியாதா?

ரொதேஸ்வாசி:
அட, தாராளமா தெரியும். சேர்ந்த ஊர் ஒவ்வொன்னும் பழைய பேரோட உட்பிரிவா இருக்கு. @மலைச்சாரல் தலைமை ஊர் விஷயம் நீங்க சொல்றது நியாயம்தான்.

நீங்க லெ புய் பக்கமிருந்து வந்தா மொதல்ல செனெர்க், அப்புறம் கோங்க், அதுக்கப்புறம் நொவாயாக். கோங்க்ல ராத்திரி தங்கிடுங்க, ஏன்னா அத தாண்டினதும் செங்குத்தா ஏத்தம். அங்க சேன்ட் ஃபுவா கோயில்ல (பழைய சர்ச்) சூலாஜ்ங்கிற ஓவியர் பண்ண கண்ணாடி ஜன்னல் 104 இருக்கு, 1994ல வெச்சது, கலரே இருக்காது, வெளிச்சம் மட்டும்தான், எனக்கு ரொம்ப புடிக்கும், திட்டுறவங்களும் உண்டு. வாசல் மேல இருக்கிற இறுதித் தீர்ப்பு சிற்பம் மேற்க பாத்தது, சாயங்காலம் போங்க.