பிராது ஸ்கேன் திரும்பி வருகிறது, என்ன செய்வது?

கேள்வி (குமாஸ்தா):
இருபது வருஷமாக வக்கீல் குமாஸ்தா வேலை. எங்கள் முன்சீப் கோர்ட்டில் இப்போது இ-ஃபைலிங், அதாவது வழக்கை இணையத்தில் தாக்கல் செய்வது. பச்சைத் தாளில் அடித்த பிராதை (வழக்கு மனுவை) ஸ்கேன் செய்தால் பாசி படிந்த குளம் மாதிரி வருகிறது, "தெளிவில்லை" என்று திருப்பிவிடுகிறார்கள். இதில் ஓடிபி வேறு வக்கீல் ஐயாவின் போனுக்குப் போகிறது. அவரோ கோர்ட் ஹாலில் குறுக்கு விசாரணையில். போன் சைலண்டில்!

பதில் 1:
அண்ணே, பிராதை ஏன் ஸ்கேன் செய்கிறீர்கள்? கம்ப்யூட்டரில் அடித்ததை நேரே பிடிஎஃப் ஆக்குங்கள். கையெழுத்துப் பக்கத்தையும் பழைய பத்திரங்களையும் மட்டும் 300 டிபிஐ, கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் போதும்.

பதில் 2:
புரோநோட்டு (கடன் சீட்டு) வழக்கென்றால், தாக்கல் செய்ய உள்ள 3 வருஷக் கெடுவின் கடைசி ராத்திரி வரை வைத்திருக்காதீர்கள். எனக்கு ஒருமுறை சர்வர் தொங்கி, விடியும்வரை தூக்கமில்லை.

குமாஸ்தா:
சரி தம்பி, பிடிஎஃப் ஏறிவிட்டது. வழக்கை அடையாளம் காட்டும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும் வந்தது, டைரியில் எழுதிக்கொண்டேன். ஓடிபிக்கு வழி? ஐயா மதியம் சாப்பிட வரும்போதுதான் பிடிக்கிறேன். ரசம் ஆறிப்போகிறது என்று திட்டு.