புதுப்பிப்பு: கறி இல்லாம சோறு எறங்காத எங்க வீடு, மூணு மாசம் கழிச்சு

வாரம் அஞ்சு நாள் கறி, காய் வெச்சா தட்டு ஓரத்துக்கே போயிடுதுன்னு மூணு மாசம் முன்னாடி புலம்பியிருந்தேனுங்க. இப்போ கறி ரெண்டு நாள்தான்.

கைகொடுத்தது பள்ளிபாளையம் பக்குவம். ஈரோட்டுக்கு அக்கரையில கோழிக்குப் பண்றாங்களே, அதேதான்: சின்ன வெங்காயம், விதை தட்டின வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு. மசாலாப் பொடியே வேண்டாம். கோழிக்குப் பதிலா சேனைக்கிழங்கு. மஞ்சள், உப்பு போட்டு முக்கால் வேக்காட்டுல எடுத்து, தண்ணியைச் சுத்தமா வடிச்சு ஆறவெச்சுட்டு வாணலியில போடணும். மொதல்ல நான் வடிக்காம போட்டேன், மொத்தமும் குழைஞ்சுபோச்சு. அடுத்த வாரம் மாமா, "இன்னுங் கொஞ்சம் வெய்யி கண்ணு"ன்னாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுங்க.

கறியில்லாத நாள்ல அரிசிம்பருப்புச் சோறு, இல்லைன்னா கொள்ளுப்பருப்பு. ரெண்டும் வீட்டுல இருக்கறவங்க சின்ன வயசுலிருந்தே சாப்பிட்டது, அதனால சண்டையே வரல. அவரைக்காய் மட்டும் இன்னும் யாரும் தொடல.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல சொன்ன கணக்கு, கீரையும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் காய். ஆறு பேருக்கு 2.4 கிலோ! நாங்க பாதியைத்தான் எட்டியிருக்கோம். ஞாயித்துக்கிழமை உழவர் சந்தைக்கு இப்போ மாமாவே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறாரு.