விராலுக்கு ரீல் மாற்றணும், எது வாங்கலாம்? அவசரம்

பவானிக்கரை (புதியவர்), வெள்ளி இரவு 9.40
அண்ணன்மாருக்கு வணக்கம்ங்க. என் தூண்டில் ரீல் போயிடுச்சு. நூலை ஓடவிடாமப் பிடிக்கிற ட்ராக் திருகை எவ்வளவு இறுக்கினாலும் விரால் அடிச்சதும் நூல் ஓடிக்கிட்டே இருக்கு, மீன் கோரைக்குள்ள புகுந்துடுது. ஞாயிறு காலையில ஏரிக்குப் போகணும், நாளைக்கே கடையில வாங்கிடலாம்னு இருக்கேன். எந்த ரீல் நல்லா இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க.

ஏரிமேட்டான், இரவு 9.52
பட்ஜெட் எவ்வளவு? ராடு எத்தனை அடி? நூல் பின்னிய பிரெய்டா, ஒற்றை இழை நரம்பா? இப்போது இருக்கும் ரீல் என்ன சைஸ்? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது தம்பி.

வைகைத்தூண்டில், இரவு 9.58
ட்ராக் வாஷர் தேய்ந்திருக்கும். விலை குறைந்த ரீலில் உள்ளே இருப்பது கம்பளி வாஷர். அமுங்கி அமுங்கி வழவழவென்று ஆகிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு 4000 சைஸ் எடுங்கள். நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் பெரிசு, வாஷரும் பெரிசு. விராலுக்கு 4000-க்குக் கீழே நான் யாருக்கும் சொல்வதில்லை.

கண்மாய்க்காரன், இரவு 10.05
கைப்பிடி பின்பக்கமாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் அது ட்ராக்கே இல்லை, கைப்பிடியைப் பின்னால் சுற்றவிடாமல் தடுக்கும் ஒருவழி பேரிங். உள்ளே கிரீஸ் புகுந்துவிட்டால் அதிலுள்ள குட்டி உருளைகள் வழுக்கும். கழற்றி ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் அலசிவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். பத்து ரீலில் ஒன்பதுக்கு இதுதான் கோளாறு.

பவானிக்கரை, இரவு 10.11
பட்ஜெட் 3000 ரூபாய்ங்க. ராடு 7 அடி. நூல் பச்சைக் கலர், 20 பவுண்ட். ரீல்ல எழுத்தெல்லாம் அழிஞ்சுடுச்சு.

தூண்டில்வாத்தியார், இரவு 10.20
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்து, நானே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்கள் தூண்டில் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? சரி, மறுபடியும் சொல்கிறேன், கவனமாகப் படிக்கவும். ட்ராக் என்பது நூலைக் காப்பாற்றுவதற்கு. நூலின் தாங்குதிறனில் கால் பங்குக்கு வைக்க வேண்டும். 20 பவுண்ட் என்றால் சுமார் 9 கிலோ, அதில் கால் பங்கு இரண்டேகால் கிலோ. பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசில் நூலைக் கட்டி இழுத்து, முள் அந்த அளவுக்கு வரும்போது ஸ்பூல் சுற்ற ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். இரண்டேகால் கிலோவை எந்த ரீலும் தாங்கும். முதலில் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள், ரீல் வாங்குவது பிறகு.

கோரைப்பல், இரவு 10.31
வாத்தியாரே, அந்தக் கணக்கு அணைத் தண்ணீரில் கட்லாவுக்குச் சரி. ஓடவிட்டு ஆட்டம் காட்டி எடுக்கலாம். தாமரை இலைக்கு நடுவே ரப்பர் தவளையை விரால் அடித்தால், இரண்டு கிலோ ட்ராக்கில் மீன் கைக்கு வராது. நாங்கள் 40 பவுண்ட் பிரெய்டு போட்டு ட்ராக்கைக் கிட்டத்தட்ட பூட்டிவிட்டு, அடித்த வேகத்தில் மேலே இழுத்துவிடுவோம். முதல் இரண்டு மூன்று வினாடிதான் வாய்ப்பு. அதற்குள் மீன் ஒரு தண்டைச் சுற்றிவிட்டால் போச்சு.

நொய்யல், இரவு 10.44
தம்பி, ரீல் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலையில் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஸ்பூல் விளிம்பில் ஒயிட்னரால் ஒரு புள்ளி வையுங்கள். ட்ராக்கை முழுதாக இறுக்கி, நூலைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் பெயில் கம்பியை மூடிவிட்டு, வேறு யாரையாவது நூலை இழுக்கச் சொல்லுங்கள். நூல் போகும்போது எது சுற்றுகிறது என்று மட்டும் பாருங்கள்.

புள்ளி சுற்றினால், டிக் டிக் என்று சத்தமும் வந்தால், வைகைத்தூண்டில் சொன்ன மாதிரி வாஷர். கைப்பிடி பின்னால் சுற்றினால் கண்மாய்க்காரர் சொன்ன ஒருவழி பேரிங். புள்ளியும் அசையவில்லை, கைப்பிடியும் அசையவில்லை, ஆனாலும் நூல் வருகிறது என்றால் ரீலில் குறையே இல்லை. விரலில் தொளதொளவென்று இருக்கும் மோதிரம் மாதிரி, நூல்கட்டு மொத்தமும் ஸ்பூல் மேல் வழுக்கிச் சுற்றுகிறது. பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டியிருந்தால் இது நடக்கும். பிரெய்டு வழவழப்பானது, நரம்பு மாதிரி இழுபட்டு இறுகவும் செய்யாது. அடியில் பிடிப்பில்லாவிட்டால் ட்ராக்கை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

உங்கள் பச்சை நூல் பிரெய்டா? பின்னல் மாதிரி இருக்கிறதா, கண்ணாடி மாதிரி ஒற்றை இழையாக இருக்கிறதா?

மின்னல்மீன், இரவு 10.58
ப்ரோ, பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்க. 13+1 போட்டது ஆன்லைனில் உங்கள் பட்ஜெட்டில் பாதிக்கே வருது. பேரிங் கூடக்கூட வழுவழுன்னு சுற்றும்.

நொய்யல், இரவு 11.06
அந்த +1 என்பதே கண்மாய்க்காரர் சொன்ன ஒருவழி பேரிங்தான், சுற்றுவதற்கானது இல்லை. மீதி 13 எங்கே இருக்கிறது, என்ன தரம் என்று பெட்டியில் எழுதியிருக்காது. நல்ல பேரிங் நாலு போதும். பிரெய்டு போடுகிறவர் கவனிக்க வேண்டியது நூல் உருளை. பெயில் கம்பியின் முனையில் நூல் திரும்பும் இடத்தில் இருக்கும் சின்ன உருளைதான் அது. சுற்றாமல் சிக்கிக்கொண்டால் பிரெய்டு அதே இடத்தில் உரசி உரசிப் பள்ளம் விழும். நகத்தை வைத்துத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அப்புறம் அந்தப் பள்ளமே நூலை அறுக்கும்.

ஆத்துமேட்டுத்தாத்தா, சனி காலை 5.50
விராலுக்கு ரீல் எதற்கு ஐயா? மூங்கில் கழி, தடித்த நரம்பு, கொக்கியில் உயிர்த் தவளை. கரையோரம் தொட்டுத் தொட்டு எடுத்தால் விரால் வந்து கவ்வும். எங்கள் ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் பிடிக்கிறோம்.

கோரைப்பல், காலை 6.15
ஐயா, தவளையைப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வயலில் கிடக்கும் பெரிய காளைத் தவளை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-ல் நிறுத்தினார்கள். பிடித்துப் பிடித்து வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போனதுதான் பேச்சாக இருந்தது. ரப்பர் தவளைக்கே விரால் நன்றாக அடிக்கிறதே.

ஆத்துமேட்டுத்தாத்தா, காலை 6.30
கொக்கியில் மாட்டும் ஒரு தவளையாலா வயல் அழிந்தது? வயலுக்கு மருந்து அடிக்கிறார்களே, அதைப் போய்க் கேளுங்கள். ஏரியில் பிளாஸ்டிக்கை அறுத்துவிட்டு வருகிறவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

சிலேத்தார்கரை, காலை 6.48
சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். இங்கே நீர்த்தேக்கங்களில் குறித்துவிட்ட இடத்தில் மட்டும்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரை மட்டும்தான். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி அது. விராலின் பெரிய சொந்தக்காரன் தோமானை அப்படியே பிடிக்கிறோம். உயிர் இரை இல்லாமல் முடியாது என்பது சரியில்லை. ஐயா சொன்ன பிளாஸ்டிக் விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. நூலறுந்து கிடக்கும் பிரெய்டு நீர்ப்பறவையின் காலில் சுற்றிப் பார்த்திருக்கிறேன். அறுந்த நூலைக் கையோடு எடுத்து வர வேண்டும்.

தூண்டில்வாத்தியார், காலை 7.10
தலைப்பு ரீல். தவளைக்குத் தனி இழை தொடங்கவும். கேட்டவரும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார், வழக்கம்போல.

ஏரிமேட்டான், காலை 7.25
இரவு பத்து மணிக்கு மேல் கேட்டதற்கு விடிவதற்குள் பதில் எதிர்பார்த்தால் எப்படி வாத்தியாரே? பையன் தூங்கியிருப்பான்.

பவானிக்கரை, காலை 10.02
பின்னல் நூல்தாங்க. புள்ளி அசையல, கைப்பிடியும் அசையல, நூல் மட்டும் சுத்துது. ஆனா பெயில் ஸ்பிரிங்கும் உடைஞ்சிருக்கு, எறிஞ்சதும் கையாலதான் மூடுறேன். அதனால ரீல் வாங்கியே ஆகணும். 4000 வாங்கட்டுமா?

நொய்யல், காலை 10.20
பெயிலைக் கையால் மூடுவது குற்றமில்லை, பிரெய்டுக்கு அதுதான் நல்லது. கைப்பிடியைச் சுற்றி மூடினால் நூல் தொய்வாக விழுந்து அடுத்த எறியில் முடிச்சாகக் கிளம்பும். ஆனால் ஸ்பிரிங் உடைந்தால் பெயில் பாதி எறியில் தானாக மூடி, இரை நூலோடு அறுந்து போகலாம். எழுத்தே இல்லாத ரீலுக்கு ஸ்பிரிங் தேடி அலைய வேண்டாம். வாங்குவது சரிதான்.

7 அடி ராடுக்கு 3000 சைஸ் போதும். 4000 மாட்டினால் கைப்பக்கம் கனம் கூடி, நாள் முழுக்க ரப்பர் தவளையை எறிந்தால் மணிக்கட்டு வலிக்கும். இந்த எண்களும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரே அளவு இல்லை, அதனால் ஸ்பூல் மேல் எழுதியிருக்கும் நூல் கொள்ளளவைப் பாருங்கள். பல்விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்குப் பெயில் எத்தனை சுற்று வருகிறது என்பது, 6-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஸ்பூல் விட்டம் 45 மி.மீ. என்று வைத்தால், 5.2-ல் ஒரு சுற்றுக்கு 73 செ.மீ. நூல் வரும், 6.2-ல் 88 செ.மீ. தாமரைக்குள் அந்த வித்தியாசம் பெரிசு. ஷிமானோ சியன்னா, டைவா கிராஸ்ஃபயர் மாதிரி ஆரம்ப வரிசையில் பாருங்கள், கடைக்குக் கடை விலை மாறும். ஆடம்பர மாடல் தேவையில்லை.

கடையில் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தளர்வாக ஆடினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். நூல் உருளை விரல் பட்டதும் சுற்ற வேண்டும்.

வைகைத்தூண்டில், காலை 10.33
5 கிலோ விரால் வந்தால் 3000 என்ன ஆகும் என்று பார்ப்போம். நான் 4000 என்றே சொல்கிறேன்.

பவானிக்கரை, சனி மாலை 6.45
3000 வாங்கிட்டேன். அடியில என்ன கட்டணும்?

நொய்யல், மாலை 6.58
பழைய நரம்பு பத்துப் பதினைந்து மீட்டர் முதலில் சுற்றுங்கள். நரம்பு ஸ்பூலை இறுகப் பிடிக்கும். அதன் முனையில் பிரெய்டை இரட்டை யூனி முடிச்சால் இணைத்து, முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். நரம்பு கையில் இல்லையென்றால் ஸ்பூலில் எலெக்ட்ரிக் டேப் ஒரு சுற்று ஒட்டி, அதன் மேல் பிரெய்டைக் கட்டலாம். ஈரத் துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள், விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள். வழிய வழியச் சுற்றினால் எறியும்போது கொத்தாகக் கிளம்பும். 20 பவுண்டை இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம், தாமரை அடர்த்தியான இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

கண்மாய்க்காரன், ஞாயிறு இரவு 8.15
என்னப்பா ஆச்சு, அடித்ததா?

பவானிக்கரை, திங்கள் காலை 7.05
ஒண்ணு வந்ததுங்க. நூல் வழுக்கல. நன்றி அண்ணா.

மின்னல்மீன், காலை 9.30
எந்த ரீல் வாங்கினீங்கன்னு சொல்லவே இல்லையே ப்ரோ? எனக்கும் ஒண்ணு வேணும்.

ஏரிமேட்டான், காலை 9.41
பட்ஜெட் எவ்வளவு? ராடு எத்தனை அடி?