‘டயர் கிளியரன்ஸ்’, ‘பம்ப் ஸ்டீயர்’: தமிழ்ச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பிக்கப் வண்டிகளின் உயரத்தைக் குறைத்துத் தாழ்த்துவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகவேண்டும். ‘டயர் கிளியரன்ஸ்’ (டயர் வேறெதிலும் படாதிருக்க விடும் இடம்) என்பதற்கு ‘இடைவெளி’ என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் ஸ்பார்க் பிளக் முனைகளுக்கு நடுவே இருப்பதும் இடைவெளிதானே. நிற்கும் வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழையும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடி ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ, அதே டயர் உட்புறப் பிளாஸ்டிக்கைக் கரகரவெனத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும். அடுத்தது ‘பம்ப் ஸ்டீயர்’. வண்டியைத் தாழ்த்தினால் டைராடின், அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பியின், சாய்வு மாறுகிறது. அதன் முனை வரையும் வில்லும் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை வரையும் வில்லும் ஒத்துப்போகாததால், மேடுபள்ளத்தில் ஏறியிறங்கும்போது ஓட்டுநர் திருப்பாமலேயே சக்கரம் திரும்புகிறது. சொல் தந்து உதவுங்கள்.

— மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர்,

முதலாவதற்கு ‘உரசாவிடைவெளி’ பொருந்தும். ‘செல்லாக் காசு’ போல இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆகாரத்தின் முன் உயிர் வந்தால் இரண்டையும் இணைக்க ‘வ்’ என்னும் வகர உடம்படுமெய் தோன்றுவது நாம் அறிந்ததே. ‘உரசு’ கொச்சை என்பாருக்கு ‘உரிஞ்சு’ இருக்கிறது. மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சு கல்லில் உள்ள வினை அது. பொன்னைத் தேய்க்கும் உரைகல்லும் அதற்கு உறவே என்பது என் துணிபு. இரண்டாவதற்குப் புறநானூற்றின் 102ஆம் பாட்டைப் பாருங்கள். உப்பு வணிகரான உமணரின் வண்டி அவலில் (பள்ளத்தில்) இறங்குகிறது, மிசையில் (மேட்டில்) ஏறுகிறது, அடியில் சேம அச்சு (மாற்று அச்சு) கட்டியிருக்கிறது. ஆகவே ‘அவல்மிசைத் திருப்பம்’ என்க.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா,

சேம அச்சை இன்றைக்கும் ‘ஸ்டெப்னி’க்கு எடுத்து ஆளலாம் என்று தோன்றியது, ஆனால் ‘அவல்’ என்றதும் என் மாணவர்களுக்குத் தின்பதுதான் நினைவுக்கு வரும். ‘உரசாவிடைவெளி’ என்று சேர்த்து எழுதினால், விடையைத் தேடுவார்கள். பிரித்து ‘உரசா இடைவெளி’ என எழுதினால் எனக்குச் சம்மதம், ஏனெனில் பட்டறையில் ‘டயர் உரசுது’ என்றுதான் சொல்கிறார்கள். அதையும் எங்கே, எப்போது உரசுகிறது என்று பிரித்துச் சொல்லவேண்டும்: ஒடிக்கும்போது உள்பக்கம் சேஸிஸிலோ ஸ்டெபிலைசர் கம்பியிலோ படும், அதற்குப் பயந்து சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் போட்டால் பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது மட்கார்டின் விளிம்பில் படும். ஆகவே ‘ஒடிப்பு இடைவெளி’, ‘அமுக்க இடைவெளி’ என இரண்டாக வைத்துக்கொள்ளலாம். பம்ப் ஸ்டீயருக்குத் ‘தன்திருப்பம்’ போதும். சக்கரம் பொருந்தும் அச்சுமுனையையே (ஸ்பிண்டில்) மாற்றித் தாழ்த்தினால் கைகளின் கோணம் மாறாது, இந்தத் தொல்லையும் பெரும்பாலும் எழாது என்பதையும் நூலில் எழுதுங்கள்.

— பட்டறை வகுப்பு ஆசிரியர்

நண்பர்களே,

வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறதே, அதுவும் தன்திருப்பம்தான்; அது வேண்டிய குணம், இது வேண்டாத நோய். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் நல்லதைப் போய்ச் சரிசெய்வார். இதற்கிடையே ஸ்டீயரிங்கிற்குச் ‘சுக்கான்’ வேண்டுமென்று தனிமடலில் கேட்டவருக்கு: அது அரபியிலிருந்து வந்தது. கப்பலோட்டிகள் வாயில் பழகிய சொல் என்பதால் எனக்குத் தடையில்லை, தூய்மை பேசுவோர்தாம் பதில் சொல்லவேண்டும். ‘திசைமாற்றி’ என்றாலோ, ஒருவர் மாற்றுவதாகப் பொருள்படும். இங்கே மாற்றுபவரே இல்லையே.

— பொறியியல் மாணவி

அனைவருக்கும் நன்றி. ‘உரசா இடைவெளி’யைப் பிரித்தே அச்சிடுகிறேன்; ஒடிப்பு, அமுக்கம் என்ற இரண்டும் அதன்கீழ் வரும். மற்றதற்கு ‘மேடுபள்ளத் திருப்பம்’ என்று தனிமடலில் நான்கு பேர் எழுதிவிட்டீர்கள், நீளம்தான், நேரமில்லை. முதலில் வரும் இடத்தில் ‘பம்ப் ஸ்டீயர்’ என்று அடைப்புக்குறிக்குள் இடுவேன்.

— மொழிபெயர்ப்பாளர்

உடம்படுமெய்யை விட்டு அச்சிடுவதற்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்