மறு: புள்ளிக்கு அடுத்த இடம் – என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் இன்று முதல் பத்துப் பேருக்குத்தான் புள்ளி. புள்ளி கிடைக்கும் கடைசி இடத்துக்கு அடுத்ததாக முடிப்பதைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்கு நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> 'நூலிழையில் புள்ளியைத் தவறவிட்டார்' என்றே எழுதலாமே. தனிச்சொல் எதற்கு?

செய்திக்கு அது போதும் ஐயா. கலைச்சொல் தொகுப்புக்குப் போதாது. அந்த ஒரு தொடருக்குள் இரண்டு இழப்புகள் ஒளிந்திருக்கின்றன.

2021இல் ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங் தடத்தில் அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. ஜார்ஜ் ரஸ்ஸலுக்கு வில்லியம்ஸ் காரில் அதுவரை ஒரு புள்ளிகூடக் கிடைத்ததில்லை. முதல் ஞாயிறு எட்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். எஞ்சினில் காற்றழுத்தம் குறைந்து கார் ஒதுங்கியது. அடுத்த ஞாயிறு பத்தாம் இடத்தைப் பிடித்துக்கொண்டு போராடினார்; சில சுற்றுகளே மிச்சமிருக்கையில் பெர்னாண்டோ அலோன்சோ முந்திவிட, பதினோராவதாக முடித்தார். இரண்டு நாளும் கிடைத்தது சுழியம்தான். ஆனால் முதல் நாள் கையிலிருந்தது நழுவியது. இரண்டாம் நாள் முழுத் தொலைவையும் ஓடி, வாசல்வரை வந்து, உள்ளே போக முடியாமல் நின்றார். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

> விளிம்பிடம்

புள்ளி கிடைக்கும் பத்தாம் இடமும் விளிம்புதானே?

> எட்டாப்படி

நல்ல சொல். ஆனால் வேகமாகப் படித்தால் 'எட்டாம் படி' ஆகிவிடும். 2003 முதல் 2009 வரை முதல் எட்டுப் பேருக்குப் புள்ளி கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பந்தயம் ஒன்றைப் பற்றி இப்படி எழுதினால், புள்ளி வாங்கினாரா விட்டாரா என்று வாசகர் குழம்புவார்.

> பதினோரிடம்

எண்ணைச் சொல்லுக்குள் வைக்க வேண்டாம். 1960 முதல் 2002 வரை ஆறு பேருக்குத்தான் புள்ளி, அப்போது ஏழாமவர்தான் நம் ஆள். இன்றைய ஸ்பிரிண்ட் என்னும் குறும்பந்தயத்தில் எட்டுப் பேருக்குப் புள்ளி, அங்கே ஒன்பதாமவர்.

என் முன்மொழிவு: வெளியே நின்றவருக்குத் 'திண்ணையிடம்'. வீட்டைச் சேர்ந்ததுதான், ஆனாலும் வீட்டுக்குள் இல்லை. கையிலிருந்து போனதற்கு 'நழுவுபுள்ளி'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை; யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நழுவுபுள்ளிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நான் 1999 நியூர்பர்க்ரிங் பந்தயத்தைத்தான் சொல்வேன். லூகா படோயர், எளிய மினார்டி காரில் நான்காவதாக வந்துகொண்டிருந்தார். 13 சுற்றுகள் மிச்சம். கியர்பாக்ஸ் போய்விட்டது. இறங்கியவர் அந்தக் காரின் மேலேயே குனிந்து அழுதார். நான்காம் இடத்துக்கு அன்று மூன்று புள்ளிகள். அதே அணியின் மார்க் ஜெனே ஆறாவதாக வந்து ஒரு புள்ளி பெற்றார். படோயர் ஃபார்முலா ஒன்னில் கடைசிவரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இவரையும் பதினோராவதாக முடித்த ரஸ்ஸலையும் ஒரே பெட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்

---

வணக்கம்.

நழுவுபுள்ளிக்கு என் ஆதரவு. 'இந்தப் பருவத்தில் அணியின் நழுவுபுள்ளிகள் பதினான்கு' என்று எழுதிப் பார்த்தேன், தடங்கலின்றி வருகிறது.

திண்ணையிடத்தில் ஒரு சிக்கல். 'இடம்' வேற்றுமை உருபாகவும் வரும் அல்லவா? 'ரஸ்ஸல் திண்ணையிடம் வந்தார்' என்றால் திண்ணையிடம் ஏதோ கேட்க வந்தது போல இருக்கிறது. மேலும் எங்கள் ஊரில் திண்ணை என்றால் வெயில் தாழ்ந்ததும் காலை நீட்டி உட்காரும் இடம்; மூன்று சுற்றுக்கு முன் பத்தாம் இடத்தைப் பறிகொடுத்தவருக்கு ஏது காலை நீட்டுவது! இந்த இரண்டாவது ஆட்சேபம் பெரிதல்ல, பழகிவிடும். முதலாவதற்காக 'திண்ணைநிலை' என்று மாற்றலாம். 'ரஸ்ஸல் திண்ணைநிலையில் முடித்தார்.' கதவு மாட்டும் நிலையும் நினைவுக்கு வருகிறது. வரட்டும், அதுவும் வாசலில்தானே இருக்கிறது.

மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.