கழுத்தில் விரிசல் விட்ட கிட்டார்: புதுப்பிப்பு

போன மாதம் கூரியரில் வந்த லெஸ் பால் வகை எலெக்ட்ரிக் கிட்டார், நட்டுக்குப் (தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் கம்பிகள் படியும் சிறு கட்டை) பின்னால் கழுத்தில் விரிசலோடும், வளைந்த பிக்கப் ஸ்விட்சோடும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்களில் எது ஒலிக்க வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்ச்) இருந்ததென்று புலம்பியிருந்தேன் அல்லவா? இப்போது வாசிக்கிறேன்.

விரிசல் மர இழையின் போக்கிலேயே நீளமாக ஓடியிருந்தது நல்லதாகப் போயிற்று. பசை பிடிக்க இடம் அதிகம். கம்பிகளைக் கழற்றி, தலையை மெல்ல வளைத்து விரிசலைத் திறந்து, டைட்பாண்ட் மரப்பசையை ஊசி சிரிஞ்சால் உள்ளே ஏற்றினேன். கிளாம்ப்பை முறுக்கியதும் பசை நூல்போலப் பிதுங்கியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு 24 மணி நேரம் தொடவே இல்லை. ட்ரஸ் ராடில் (கழுத்துக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) பசை இறங்கியிருக்குமோ என்றுதான் பயம். இல்லை, அது நன்றாகவே திரும்புகிறது. ஒன்பது நாளாகக் கழுத்து கம்பிகளின் முழு இழுவிசையில் நிற்கிறது, விரிசல் வாய் திறக்கவில்லை.

ஸ்விட்ச் சின்ன வேலைதான். உள்ளே ஒரு தகடு விலகி, கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப் மட்டும் ஊமையாகக் கிடந்தது. நோஸ் பிளேயரால் வளைத்துவிட்டேன், சரி.

விற்றவர் கம்பிகளைத் தளர்த்தாமலே அனுப்பியிருக்கிறார். தலைக்கு அடியில் ஒரு துண்டு தெர்மாகோல்கூட இல்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.