உதவி: டாக்பேக் சில செய்திகளை மட்டும் படிக்காமல் விடுகிறது

எல்லைக்காரி:
அவசரம். பார்வையில்லாதவர்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று படிப்புக்காக ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் ஒரு பெரியப்பா போனில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற டாக்பேக் நன்றாகவே பேசுகிறது. ஆனால் சில எஸ்எம்எஸ்ஸைத் தொட்டால் அனுப்பிய எண், நேரம் சொல்கிறது, செய்தியைச் சொல்ல மாட்டேன் என்கிறது. அந்தச் செய்தி வந்தால் டீக்கடைக்குப் போய், இருக்கிறவர் யாரோ அவரிடம் போனை நீட்டுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. போனை மாற்றச் சொல்லலாமா? நாளை மறுநாள் மறுபடி போகிறேன்.

வேலந்தாவளம்:
எந்தப் போன்? ஆண்ட்ராய்டு எத்தனை? எந்தக் குரல் போட்டிருக்கிறீர்கள்?

நடுவழி:
பேட்டரி சேவரை அணைத்துப் பாருங்கள். என் அத்தை போனில் அதுதான் டாக்பேக்கைப் பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தது. நிச்சயம் அதுவாகத்தான் இருக்கும்.

பழைய ஆள்:
இங்கே வருகிற பாதிப் பேருக்கு முதலில் கேள்வி கேட்கத் தெரிவதில்லை. போன் மாடல் கூடச் சொல்லாமல் ஆராய்ச்சியா? ஒரு நாள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு டாக்பேக்கில் உங்கள் வேலையைப் பாருங்கள் தம்பி. அதற்குப் பிறகு அவரைப் போய்க் கேள்வி கேட்கலாம்.

எல்லைக்காரி:
தம்பி இல்லை சார், தங்கை. மாடல் பார்க்கவில்லை, ஆண்ட்ராய்டு 13. பேட்டரி சேவர் அணைந்துதான் இருக்கிறது.

விரல்நுனி:
படிக்காத செய்தி எல்லாம் எந்த மொழியில் இருக்கிறது?

எல்லைக்காரி:
மலையாளம்தான் அண்ணா. பாலக்காடு மாவட்டம் ஆச்சே, பென்ஷன், ரேஷன் எல்லாம் மலையாளத்தில்தான் வரும். அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன். அவருக்குக் கேட்டால் மலையாளம் நன்றாகப் புரியும்.

விரல்நுனி:
அப்போது போனில் கோளாறில்லை. குரல் தமிழ்க் குரல், மலையாள எழுத்தைப் பார்த்ததும் அப்படியே தாண்டிப் போகிறது. செட்டிங்ஸில் எழுத்தைக் குரலாக்குகிற பேச்சு இன்ஜினுக்குள் போய் மலையாளக் குரலையும் இறக்குங்கள். அப்புறம் அந்தச் செய்தியில் நின்று மூன்று விரலால் ஒரு தட்டுத் தட்டினால் டாக்பேக் மெனு வரும், அதில் பேச்சு மொழியை மலையாளமாக்கலாம். ஒவ்வொரு தடவையும் மாற்றுவது அலுப்பாக இருந்தால் ஈஸ்பீக் என்கிற வேறு பேச்சு இன்ஜின் போட்டுப் பாருங்கள். என் போனில் அது இரண்டு எழுத்தையும் ஒரே ஓட்டத்தில் படிக்கிறது. குரல் மட்டும் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

கண்ணைக் கட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, ஒன்பது வருடமாக டாக்பேக்தான். என் போன் பேசுகிற வேகம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. கண்ணைக் கட்டியவருக்கு முதல் நாள் பயம் மட்டும்தான் தெரியும். அதை எங்கள் வாழ்க்கை என்று எழுதிவிடுகிறார்கள்.

பழைய ஆள்:
ஆப் செய்கிறவர்களுக்கு அந்தப் பயமாவது தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன். லேபிள், அதாவது டாக்பேக் படிக்கப் பெயர், இல்லாத பட்டன் எத்தனை என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

விரல்நுனி:
அதற்குக் கண்ணைக் கட்ட வேண்டாம் சார். ஆக்செஸிபிலிட்டி ஸ்கேனர் என்று கூகுள் ஆப் இருக்கிறது. லேபிள் இல்லாத பட்டனையும், விரலுக்கு எட்டாதபடி 48 டிபிக்கு (திரை அளவுக்கான அலகு) சிறிதான பட்டனையும் சுட்டிக்காட்டிவிடும். ஆனால் இந்தப் பெரியப்பாவுக்கு மலையாளச் செய்தி வரும் என்று ஸ்கேனருக்கும் தெரியாது, துணிக்கும் தெரியாது. அவரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

வேலந்தாவளம்:
தங்கை, இன்னொன்றும் கேளுங்கள். வங்கி கேஒய்சியில், அதாவது ஆளை அடையாளம் சரிபார்க்கிறபோது, செல்ஃபி எடு, கண்ணைச் சிமிட்டு என்கிற இடத்தில் அவர் என்ன செய்கிறார்? 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையில்லாத ஒருவரும் போட்ட வழக்குகள். டிஜிட்டல் வசதி எல்லாருக்கும் எட்ட வேண்டும், அது அரசியலமைப்பின் பிரிவு 21-ல் (வாழ்வுரிமை) அடங்கிய உரிமை என்றது. உங்கள் ஆய்வில் இது வர வேண்டும்.

நடுவழி:
பேட்டரி சேவர் எதற்கும் அணைந்தே இருக்கட்டும்.

எல்லைக்காரி (மூன்று நாள் கழித்து):
மலையாளக் குரல் இறக்கியதும் படிக்கிறது, நன்றி அண்ணா. ஈஸ்பீக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று விரல் தட்டு முதலில் வரவில்லை, சுண்டுவிரலும் சேர்ந்து பட்டுக்கொண்டே இருந்தது. நான்காவது தடவை அவரே செய்தார். பழைய பென்ஷன் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். வங்கிச் செய்தி ஒன்று வந்ததும் சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, என்னைக் கொஞ்சம் திண்ணையில் உட்காரச் சொன்னார். மகன் ஆங்கில எழுத்தில் அடிக்கிற தமிழ்தான் இன்னும் புரியவில்லையாம். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?